கண் மூடிய கோழிக்கு டியூப் வழியாகத் தீனி

(மாதர் அணிக் கூட்டத்தில் மேட்டு லயத்து மாதர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

மாதர் அணித் தலைவி அக்கா அவர்களே, தோட்டக் கமிட்டித் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் துவைக்கிற வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே, வாசலில் நிற்கும் தோழர்களே!

போன கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தின கூட்டத்தில் காணியைப் பற்றிப் பேசினோம். இன்றைக்குக் கோழியைப் பற்றி மேட்டு லயம் பேசட்டும் என்று தலைவி அக்கா சொன்னதும் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் லயத்தில் 12 காம்பரா. அதில் 9 காம்பராவில் கோழி நிற்கிறது. அந்த ஒன்பதிலும் கோழி பெண்பிள்ளையின் பொறுப்பு, முட்டைக் காசும் அவள் கையில்தான் வரும்.

2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. நமக்குத் தெரியும், கிலோ குறைந்தால் அரைப் பேர். மழை நாளில் அதுவும் இல்லை. வந்த சம்பளத்திலும் கடைக்கடன், அடகு வட்டி, பிடிக்கிற காசு என்று போய்விடும். முட்டைக் காசு மட்டும்தான் யாரிடமும் கணக்குச் சொல்லாமல் முந்தானையில் முடிகிற காசு. பிள்ளையின் கொப்பி அதிலிருந்து வருகிறது. கிளினிக்குப் போக பஸ் காசும் அதிலிருந்துதான். விற்காத முட்டை பிள்ளையின் சோற்றில் விழும். ஆகவே ஒரு முட்டைக்கோழி சாவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறோம். முதலில் நாங்கள் செய்த பிழையையே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அதை இங்கே வேறு யாரும் செய்யக் கூடாது.

போன வருடம் மழை விட்டு நுளம்பு பெருகின நேரம். முதலில் ஒரு கோழியின் கொண்டையில் கடுகு மாதிரி சின்னச் சின்னப் பரு. இரண்டு மூன்று நாளில் அது கறுத்துப் பொருக்காகியது. பிறகு அடுத்த வீட்டுக் கோழிக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு. மொத்தம் ஆறு கோழிக்கு வந்தது. இரண்டு கோழிக்குக் கொண்டையோடு நின்றுவிட்டது, அவை தாங்களாகவே மேய்ந்து திரிந்து சுகமாகிவிட்டன. மற்ற நான்கிற்கும் பரு கண்ணைச் சுற்றி வந்து, இமை வீங்கி ஒட்டி, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

இதுதான் கோழி அம்மை. எங்கள் லயத்துப் பெரியம்மா, "அம்மா வந்திருக்கா, தொடாதீங்க" என்றார். நாங்கள் அவரோடு வாதாடவில்லை. கூட்டில் வேப்பிலை செருகினோம், மஞ்சளும் அரைத்துப் பூசினோம். ஆனால் ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இது பிள்ளைகளுக்குப் போடுகிற அம்மை இல்லை. கோழியின் அம்மை மனிதருக்கு வராது, நம் பிள்ளைகளின் அம்மை கோழிக்கும் போகாது. நுளம்பு கடித்துப் பரவும், கோழிகள் ஒன்றையொன்று கொத்தும்போது பரவும், உதிர்கிற பொருக்கிலிருந்தும் பரவும். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. ஒருவர் பெனடோல் கரைத்து ஊற்றச் சொன்னார். வேண்டாம்.

கண் மூடின கோழி மூலையில் குந்தியிருக்கும். தீனி வைத்தால் தின்னாது. நாங்கள் என்ன நினைத்தோம் என்றால், நோய் முற்றிவிட்டது, அதனால்தான் தீனி இறங்கவில்லை என்று. உண்மை அது இல்லை. அதற்குத் தீனி தெரியவில்லை. கோழி கண்ணால் பார்த்துக் கொத்துகிற பிராணி. பார்வை இல்லாவிட்டால் முன்னால் அரிசி குவிந்து கிடந்தாலும் பட்டினிதான். கண்ணளவில் நிற்கிற அம்மை இரண்டு மூன்று வாரத்தில் தானாக இறங்கிவிடும். அதுவரைக்கும் யாராவது தீனி கொடுத்தால் கோழி பிழைக்கும், கொடுக்காவிட்டால் அம்மையால் சாகாமல் பசியால் சாகும்.

இது புரிந்ததும் நாங்கள் அவசரப்பட்டோம். முதல் கோழியை மடியில் மல்லாத்தி, அலகைத் திறந்து, கஞ்சியைக் கரண்டியால் ஊற்றினோம். நல்லாக் குடிக்குது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கோழி இரண்டு தரம் தலையை உதறியது, தொண்டையில் களகள என்று ஒரு சத்தம், சற்று நேரத்தில் நீலம் பாரித்துச் செத்துப்போனது. கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. அந்தக் கோழி எங்கள் கடைசிக் காம்பரா அக்காவுடையது. அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

அடுத்த நாள் அரைப் பேர் போனாலும் பரவாயில்லை என்று எங்களில் இரண்டு பேர் டவுனில் உள்ள அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போனோம். பேச்சுக்குத் துணையாகச் சிங்களம் நன்றாகப் பேசுகிற ஒரு பிள்ளையையும் கூட்டிப்போனோம். அங்கே இருந்த போதனாசிரியர் ஐயா ஒரு கோழியைப் பிடித்து, அதன் வாயைத் திறந்து காட்டினார். இத்தனை வருடம் கோழி வளர்த்தும் அறுத்தும் நாங்கள் அந்த வாய்க்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கோழியின் நாக்கின் அடியில், நடுவிலே, ஒரு சின்னப் பிளவு இருக்கிறது. மூச்சு விடும்போது அது திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நமக்கு இருப்பதுபோல் அதற்கு மேலே மூடி கிடையாது. ஊற்றுகிற எதுவும் நேரே அதில் விழுந்துவிடும். தீனி போகிற வழி அதற்குப் பின்னால் இருக்கிறது, அது கழுத்தின் வலது பக்கமாக இறங்கி, நெஞ்சுக்கு மேலே வலது பக்கம் உள்ள தீனிப்பைக்குப் போகிறது. எங்கள் வலது இல்லை, கோழியின் வலது. அந்தப் பைக்கே நேராக ஒரு டியூபை இறக்கிவிட்டால் மூச்சுக்குழல் பக்கம் ஒரு சொட்டும் போகாது. இவ்வளவுதான் விஷயம்.

வேண்டிய சாமான் இரண்டு. பாமசியில் மெல்லிய இறப்பர் போன்ற பீடிங் டியூப், 12 அல்லது 14 நம்பர். பச்சைப் பிள்ளைகளுக்கு மூக்கால் பால் கொடுக்கிற 6, 8 நம்பர் டியூப் மிகவும் ஒல்லி, மாவு அடைத்துக்கொள்ளும். மற்றது ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச். டியூபும் சிரிஞ்சும் இறுக்கமாகப் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பொருத்திப் பாருங்கள். இடையில் கழன்றால் கோழி டியூபை விழுங்கிவிடும். இரண்டுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரு நாள் பேரில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. ஒன்பது வீடும் பங்கு போட்டோம். நோய்க் கோழி ஒவ்வொன்றுக்கும் தனி டியூப் வேண்டும், ஒன்றின் டியூபை மற்றதற்குப் போடக் கூடாது.

இது ஒருவர் செய்கிற வேலை இல்லை, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோழியைத் துவாயில் சுற்றி, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழி நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு வாங்கும், அதை அமுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே மூச்சடைத்துவிடும். இறக்கையை மட்டும் அடக்கினால் போதும். மற்றவர் முதலில் டியூபைக் கோழியின் மேல் அலகு நுனியிலிருந்து தீனிப்பை வரை வெளியே வைத்து அளந்து, அந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும். சிரிஞ்சில் தீனியை இழுத்து, டியூபுக்குள் உள்ள காற்றை வெளியேற்றி, நுனியைத் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்.

பிறகு கழுத்தை மெதுவாக நீட்டிப் பிடித்து அலகைத் திறவுங்கள். டியூபைக் கோழியின் இடது கடைவாயால் நுழைத்து, நாக்குக்கு மேலாக, அதன் வலது பக்கத் தொண்டைக்குச் சரித்து விடுங்கள். அந்தப் பிளவைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். சரியான வழியென்றால் வழுக்கிக்கொண்டு போகும். தடுத்தால் தள்ளாதீர்கள், எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். இருமினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே எடுங்கள். பிளாஸ்டர் ஒட்டின இடம் வரை போனதும் கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூச்சுக்குழல் வளையம் வளையமாகக் கெட்டியாகத் தட்டுப்படும். அதற்குப் பக்கத்தில் டியூப் தனியாகத் தட்டுப்பட வேண்டும். இரண்டும் வேறு வேறாகக் கைக்குத் தெரிந்தால்தான் சிரிஞ்சை அமுக்க வேண்டும். தெரியாவிட்டால் அமுக்காதீர்கள். பிழைத்துப்போன கோழிக்கும் செத்துப்போன கோழிக்கும் இடையில் இந்த ஒரு தடவல்தான் இருக்கிறது.

மெதுவாக அமுக்குங்கள். மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் தண்ணீர் மேலே வந்தால் அங்கேயே நிறுத்தி, டியூபை எடுத்து, கோழியை விட்டுவிடுங்கள், அது தலையைக் குனிந்து உதறித் துப்பிக்கொள்ளும். நல்லபடி முடிந்தால் டியூபை மடித்து நசுக்கிப் பிடித்துக்கொண்டு இழுங்கள். இல்லாவிட்டால் வருகிற வழியில் சொட்டு விழும்.

எதைக் கொடுப்பது? முதல் தரம் தீனி இல்லை. பட்டினி கிடந்த கோழிக்குத் தண்ணீர்ச் சத்துதான் முதலில் போக வேண்டும். பிள்ளைகளுக்கு வயிற்றாலே போனால் கரைக்கிற ஜீவனிப் பக்கெட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, இளஞ்சூட்டில் 15 மில்லிலீட்டர் கொடுத்தோம். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும். பிறகுதான் தீனி. கடையில் சில்லறையாகக் குஞ்சுத் தீனி அரைக்கிலோ வாங்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு சுடுதண்ணீர் விட்டு ஊறவைத்து, மசித்து, தேத்தண்ணி வடியில் வடித்தோம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் பாதி சேர்த்தோம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பிள்ளைக்குப் பால் பார்ப்பதுபோல. சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் சமிக்காது. பால் கொடுக்காதீர்கள், கோழிக்கு அது ஒத்துக்கொள்ளாது. பிளேன்டீயும் வேண்டாம். நமக்குத் தெம்பு தருகிறது என்றால் கோழிக்கும் தரும் என்று இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்று. எங்களில் ஒருவர் திரிபோஷ பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனத்தோடுதான் வந்தார். திரிபோஷவில் சோளமும் சோயாவும் இருக்கிறது, கோழிக்கு நல்லதுதானே என்றார். நல்லதுதான். ஆனால் அது நிறை குறைந்த பிள்ளையின் பெயரில், கர்ப்பிணித் தாயின் பெயரில் வந்த பக்கெட். அவரையே திருப்பி அனுப்பினோம். குஞ்சுத் தீனிக்கு அவர் பங்கை நாங்கள் போட்டோம்.

20 மில்லியில் தொடங்கி, மூன்றாம் நாள் 40 மில்லிக்கு வந்தோம். ஒன்றேகால் கிலோ ஊர்க்கோழிக்கு அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு தரமும் முதலில் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தின தீனி இறங்கி, பை தளர்ந்திருந்தால்தான் அடுத்தது. பை நிறைந்தபடியே இருந்தால், அல்லது வாயில் புளித்த மணம் அடித்தால், மேலே மேலே ஏற்றாதீர்கள். அது வேறு நோவு, மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது நேரம். ஒரு நாளைக்கு நான்கு தரம் கொடுக்க வேண்டும், நாமோ ஏழு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். காலை ஐந்தே காலுக்கு ஒரு தரம் கொடுத்தோம். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஐந்தரைக்கு, இரவு எட்டரைக்கு. இடையில் பகலுக்கு யார்? லயத்தில் இருந்தவர் தொடாதீங்க என்று சொன்ன அதே பெரியம்மாதான். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் இருந்தது. பெரியம்மா துவாயில் சுற்றிப் பிடிக்க, பிள்ளை டியூப் போட்டது. முதல் மூன்று நாள் நாங்கள் முன்னால் நின்று பழக்கினோம். நான்காம் நாள் எங்கள் கையைவிட அந்தப் பிள்ளையின் கை சுத்தமாக இருந்தது. தேயிலைக் கறை பிடித்து வெடித்த விரலுக்கு அவ்வளவு நுணுக்கமாகத் தடவத் தெரியவில்லை, இதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அந்தப் பிள்ளை கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. கருப்பி என்கிற கோழியின் கணக்கை மட்டும் வாசிக்கிறோம். முதல் நாள் 1,180 கிராம். ஐந்தாம் நாள் 1,120. பத்தாம் நாள் 1,210. பதினேழாம் நாள் 1,340. கடைத் தராசில்தான் நிறுத்தோம். கோழி நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் யாரும் கிலோ கழிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

பராமரிப்பில் மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நோய்க் கோழியைத் தனியே வைத்தோம், இஸ்தோப்பில் ஒரு பெட்டியில் சாக்குப் போட்டு, துணி சுற்றின சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று பக்கத்தில். அடுப்பங்கரைச் சூடு நல்லதென்று அங்கே வைக்காதீர்கள், விறகுப் புகை கோழியின் நெஞ்சுக்கு ஆகாது. பெட்டிக்கு மேல் பழைய நுளம்பு வலை. கண்ணைக் காலையும் மாலையும் இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தோம். பொருக்கைப் பிய்க்கவில்லை. தானாக விழுந்த பொருக்கைக் கூட்டி நெருப்பில் போட்டோம், அதில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டியூபைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, கொதித்தாறிய தண்ணீரை உள்ளே அடித்து, தொங்கவிட்டுக் காயவைத்தோம். கையைச் சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாம் நாள் கருப்பிக்கு ஒரு கண் கீறலாகத் திறந்தது. முன்னால் விரலால் தட்டித் தட்டி ஊறின தீனியைக் காட்டினோம். பத்துக் கொத்தில் இரண்டு வாய்க்குப் போனது. உடனே டியூபை நிறுத்தவில்லை. தானாகத் தின்னத் தின்ன, நான்கு தரத்தை மூன்றாக்கி, இரண்டாக்கி, பதினாறாம் நாள்தான் நிறுத்தினோம்.

நான்கில் இரண்டு பிழைத்தன. ஒன்று எங்கள் கரண்டியால் செத்தது. மற்றதன் தொண்டைக்குள்ளேயே மஞ்சளாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்து மூச்சுவிடவே முடியாமல் இருந்தது. அதற்கு டியூப் போடக் கூடாது என்று போதனாசிரியர் ஐயா முன்பே சொல்லியிருந்தார், நாங்கள் போடவும் இல்லை. நான்காம் நாள் அது போய்விட்டது. அதுபோல, தலை நிமிர்த்த முடியாமல் துவண்டு கிடக்கிற கோழிக்கும், உடம்பு குளிர்ந்துபோன கோழிக்கும் டியூப் போடாதீர்கள். முதலில் சூடு கொடுத்து, தலை நிமிர்ந்த பிறகுதான் மற்றது.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. ஒரே நாளில் பல கோழி விழுந்தால், பச்சையாகக் கழிந்தால், கழுத்து முறுக்கிக்கொண்டால், அது ராணிக்கட்டாக இருக்கலாம். அப்போது டியூபைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகக் கூடாது, நாமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். கோழியைக் கட்டிவைத்துவிட்டு மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். விழுந்த கோழியை அவசரமாக அறுத்துச் சமைப்பதும், சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளுவதும் வேண்டாம். ஆழமாக வெட்டிப் புதையுங்கள்.

இப்போது சங்கத்திடம் நாங்கள் கேட்க வந்ததைக் கேட்கிறோம். அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது. இறக்கையின் மெல்லிய தோலில் குத்துவது, ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த மருந்து ஒரு கோழிக்கு, இரண்டு கோழிக்கு என்று வருவதில்லை. ஒரு குப்பி திறந்து கரைத்தால் நூற்றுக்கணக்கான கோழிக்குக் காணும், கரைத்த சில மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் மூன்று கோழி இருக்கிறது, வாருங்கள் என்று யாரும் தனியாகக் கூப்பிட முடியாது. ஒரு லயம் கூப்பிட்டாலும் போதாது. நான்கு டிவிசனும் ஒரே நாளில் கோழியோடு நிற்க வேண்டும். அந்த நாள் வேலை நாளாக இருந்தால் மலையில் நிற்கிற பெண்கள் யாரும் வர முடியாது, ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு இதைக் கேட்டுத் தோட்டக் கமிட்டி எழுத்தில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். மாதர் அணி சார்பில் நாங்கள் கேட்பது அந்த ஒரு கடிதம்தான். கோழி எண்ணிக்கையை எடுத்துத் தர நாங்கள் தயார்.

கொப்பி இதோ, தலைவி அக்கா பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது லயம், காம்பரா நம்பர், எத்தனை கோழி என்று சொல்லிவிட்டுப் போங்கள், எழுதிக்கொள்வோம். டியூப் போடுவதைக் கையால் பழக விரும்புகிறவர்கள் இன்றைக்கே பின்னேரம் நான்கு மணிக்கு மேட்டு லயத்துக்கு வாருங்கள். பிள்ளை காட்டித் தரும், பிடிப்பதற்குப் பெரியம்மா இருப்பார். கருப்பியைத்தான் பிடிக்க இருந்தோம். ஆனால் அது நேற்றிலிருந்து பதினொரு முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது, கிட்டப் போனால் கொத்துகிறது. வேறு கோழி பார்த்து வைத்திருக்கிறோம்.